இல்லாத பிரேக்கை மிதிக்கும் கால்

எங்கள் வீட்டுக் காரில், ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் கால் வைக்கும் இடத்து ரப்பர் விரிப்பில் ஓர் ஓட்டை இருக்கிறது. எலி கடித்தது இல்லை, எதுவும் கொட்டி அரித்ததும் இல்லை. என் ஓரகத்தியின் வலது கால் பார்த்த வேலை அது.

அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்குத் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் தடுமாறினால் இவர் மிதித்து வண்டியை நிறுத்திவிடலாம். வருஷக்கணக்காக அந்தப் பிரேக்கின் மேலேயே காலை வைத்துப் பழகியதில், அது இல்லாத வண்டியில் ஏறினாலும் அக்காவின் கால் சும்மா இருக்காது. முன்னால் போகும் லாரி கொஞ்சம் மெதுவானால் போதும், இங்கே வெறுந்தரையில் ஒரு மிதி. கட்டின புருஷன் ஓட்டினாலும் மிதிதான், வாடகைக் காரில் போனாலும் மிதிதான். ஒருமுறை பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து மிதித்ததில், கீழே யாரோ வைத்திருந்த தக்காளிப் பை கூழாகிவிட்டது. அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் மானம் போய் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிக்கொண்டோம்.

நடுவில் கொஞ்ச காலம் அந்தக் கால் மிதிக்கவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். அக்கா, என் கணவருடைய அண்ணனின் மனைவி. மாடியில் அவர்கள், கீழே நாங்கள். ஓரகத்திகள் ஒரே வீட்டில் என்றதும் சிலர் காதைத் தீட்டிக்கொண்டு கிட்டே வருவார்கள். சண்டை வருமா என்றால் வரும், ஏன் வராது? துணி காயப்போடும் கம்பிக்கு வரும், தண்ணீர் மோட்டாருக்கு வரும். ஆனால் எனக்கு ஒன்று என்றால் என் கூடப் பிறந்தவள் போனில்தான் கேட்பாள். இவள் படியிறங்கி வந்து நிற்பாள்.

கல்யாணமான புதிதில் அக்கா ஒரு ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டினாள். பையன் பிறந்ததும் அதை விட்டுவிட்டாள். பிள்ளை பெற்ற சில மாதங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தாளாம். நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முந்தைய கதை அது. யாரும் அதைப் பேசுவதில்லை. பிறகு ஒரு பழைய காரை வாங்கி, மெக்கானிக்கைப் பிடித்து இரண்டாவது பிரேக்கை மாட்டி, எங்கள் முன்னறையிலேயே ஸ்கூலைத் தொடங்கினாள். போன் எடுப்பது, யார் எப்போது வருவார்கள் என்று பார்ப்பது, வருகிறவர்களின் நடுக்கம் தீரும்வரை வாயாடுவது எல்லாம் என் பொறுப்பு. அதனால் எனக்கு அவள் வைத்த பேர் ரேடியோ. டிரைவிங் ஸ்கூலிலேயே குப்பை கொட்டிக்கொண்டு டெஸ்டில் மூன்று முறை கோட்டை விட்டு, நாலாம் முறை லைசென்ஸ் வாங்கிய பெருமையும் எனக்கு உண்டு. இப்போதும் நான் சாவியை எடுத்தால் வீட்டில் எல்லாருக்கும் திடீரென்று நடைப்பயிற்சி ஞாபகம் வந்துவிடும்.

அக்காவிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பயந்த சுபாவக்காரர்கள். வேறு இடத்தில் திட்டு வாங்கி ஓடிவந்தவர்கள், வயது போனபின் கற்றுக்கொள்ள வந்தவர்கள். முதல் பாடத்தில் அக்கா சாவியே தரமாட்டாள். சும்மா உட்கார வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஹேண்ட்பிரேக் எங்கே, கியர் எங்கே என்று தடவச் சொல்வாள். இரண்டாம் பாடத்தில் வண்டி நகரும்போது எல்லாரிடமும் ஒரே வார்த்தைதான்: "ஓட்டுங்க, நான் இருக்கேன்." அந்தக் கால் பிரேக்கின் மேலே இருக்கும், ஆனால் தொடாது. அடிக்கடி மிதிக்கிறவர் கற்றுக்கொடுக்கத் தெரியாதவர் என்பாள். ஓட்டுகிறவருக்குத் தன் தப்பு தனக்கே தெரிய ஒரு நொடி விடவேண்டும், அதற்கு மேல் விடக்கூடாது. அந்த ஒரு நொடியில்தான் அவள் தொழில் இருந்தது.

ஐம்பதை நெருங்கும்போது முதலில் தூக்கம் போனது. மாதவிலக்கு தாறுமாறானது. இரண்டு மாதம் வராது, வந்தால் போகாது. நடுவில் கழுத்திலிருந்து தலைக்குக் குபீரென்று சூடு ஏறும், பிளவுஸ் நனைந்துவிடும். அவள் கணவருக்கு, வீட்டில் பெரியவர் என்போம், குளிர்பதனக் கிடங்கில் மெஷின் பார்க்கும் வேலை. பகலெல்லாம் ஐஸுக்குள் நின்றுவிட்டுக் கொஞ்சம் கதகதப்புக்காக வீட்டுக்கு வரும் மனிதர். இங்கே வந்தால் ஜன்னல் எல்லாம் திறந்து, ஃபேன் முழு வேகத்தில் ஓடும். பாவம், கிடங்கில் போடும் கோட்டையே போட்டுக்கொண்டு படுத்தார். அதுவரைக்கும் எங்களுக்கு அது சிரிப்புத்தான்.

அப்புறம் சிரிக்க முடியவில்லை. அக்காவுக்குத் தொட்டதற்கெல்லாம் கோபம் வந்தது. கோபம் போனால் அழுகை. ஒற்றைச் சாக்ஸ் காணவில்லை என்று படியில் உட்கார்ந்து தேம்பினாள். வண்டியில் எதற்கெடுத்தாலும் பிரேக்கை மிதித்தாள். காகம் பறந்தால்கூட மிதித்தாள் என்று மாணவர்கள் என்னிடம் வந்து முறையிட்டார்கள். பெரியவர் சத்து மாத்திரை வாங்கி வந்தார். அவளுடைய சொந்த அக்கா போனில், வயசானால் இப்படித்தான், மனசை லேசாக வைத்துக்கொள் என்று உபதேசம் செய்தாள். மனசு என்ன சூட்கேஸா, நாலு துணியை எடுத்துவிட்டால் லேசாவதற்கு?

பிறகு கோபமும் போயிற்று, அழுகையும் போயிற்று. நான் வாய் ஓயாமல் பேசுவேன், அவள் "ம்" என்பாள். குழம்பில் உப்பே போடாமல் வைத்துப் பார்த்தேன். சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தாள். என் சமையலில் நொட்டை சொல்லாத அக்காவை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

அந்த நாட்களில் எங்களிடம் ஒரு பல் டாக்டர் கற்றுக்கொண்டிருந்தார். ஊரார் வாயில் ஊசி போட்டு "பயப்படாதீங்க" என்று சொல்கிற மனிதருக்குக் காரில் ஏறினால் முழங்கால் தந்தியடிக்கும். மூடிய மார்க்கெட்டின் பின்பக்க மைதானத்தில் அவருக்குத் திருப்பப் பழக்கினாள் அக்கா. அவர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை அழுத்திவிட்டார். நேரே சுவர். நல்லவேளை, நடுவில் ஆளுயரக் குப்பைத்தொட்டி நின்றது. அதில் இடித்து நின்றதில் பம்பர் நசுங்கியது, தொட்டி சாய்ந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

டாக்டர் வெளிறிப்போய் வந்து என் மேஜை முன் உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். தன்மேல்தான் தப்பு என்றார். பிறகு வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க. ஆனா அங்க இல்ல. கால் பிரேக் மேலதான் இருந்துச்சு. அழுத்தவே இல்ல."

அவர் போனபின் அக்கா உள்ளே வந்து சாவியை மேஜையில் வைத்தாள். முகத்தில் பதற்றம் இருந்தால் நான் பிழைத்திருப்பேன். ஒன்றும் இல்லை.

"சுவர் வர்றது நல்லாத் தெரிஞ்சுது, ரேடியோ," என்றாள். "பயமே வரல. வரட்டுமேன்னு இருந்துச்சு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. வாழ்க்கையிலேயே முதல் முறையாக ரேடியோ நின்றுபோனது. அவளோ பேசிக்கொண்டே போனாள். இனி யாரையும் பக்கத்தில் உட்கார வைக்கத் தனக்கு யோக்கியதை இல்லை, வண்டியை விற்றுவிடலாம், ஸ்கூலை மூடிவிடலாம் என்றாள். எனக்கு ஸ்கூலாவது மண்ணாவது. இவள் போய்க்கொண்டிருக்கிறாள், கண்முன்னாலேயே போய்க்கொண்டிருக்கிறாள், இவளை எதைப் போட்டுப் பிடிப்பது என்பதே எனக்குக் கவலை.

வழி காட்டியது அந்தப் பல் டாக்டர்தான். இடித்தவர், அடுத்த நாளே நலம் விசாரிக்கப் போன் செய்தார். அக்காவின் வயது கேட்டார், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கூச்சப்படாமல் கேட்டார். தன் தங்கைக்கும் அந்தப் பருவத்தில் இப்படித்தான் இருண்டுபோயிற்று, சோம்பல் என்று நினைத்து நாளைக் கடத்திவிட்டோம் என்றார். தங்கையைப் பார்த்த பெண் மருத்துவரின் நம்பரைக் கொடுத்தார். அவருக்கு இந்த ஜென்மத்தில் ரிவர்ஸ் எடுக்க வராது, ஆனாலும் அவர் நன்றாக இருக்கவேண்டும்.

அக்காவை நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். பெரியவருக்குக் கிடங்கில் ஏதோ மெஷின் நின்றுவிட்டது. வழக்கமாக என் பக்கத்தில் உட்கார்ந்தால் அக்காவின் கால் தையல் மெஷின் மிதிப்பது போல ஓடும். அன்றைக்கு ஒரு தண்ணீர் லாரி என் முன்னால் திடீரென்று நின்றது. நான் அடித்த பிரேக்கில் இரண்டு சீட்டுக்கும் நடுவில் வைத்திருந்த என் கைப்பை பறந்து அவள் காலடியில் விழுந்தது. குனிந்து எடுக்கும்போது பார்த்தேன். அக்காவின் வலது கால் அந்த ஓட்டையின் மேல் சும்மா கிடந்தது, யாரோ கழற்றி வைத்த செருப்பு மாதிரி. அவள் ஜன்னல் வழியாக வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் மங்கிவிட்டது. நான் ஓட்டுகிற லட்சணத்துக்குக் கண்ணீர் வேறா என்று துடைத்துக்கொண்டு போனேன்.

மருத்துவர் அவசரப்படவில்லை. தூக்கத்தைக் கேட்டார், சூட்டைக் கேட்டார், பிள்ளை பெற்றபோது மனம் எப்படி இருந்தது என்று கேட்டார். யாரும் பேசாத அந்தச் சுவர்க் கதையை அக்கா அவரிடம் சொன்னாள். பிறகு அவர் நேராகவே கேட்டார், செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"சாகணும்னு இல்ல. இருக்கணும்னும் இல்ல," என்றாள் அக்கா.

மருத்துவர் தலையாட்டினார், முகம் மாறவில்லை. மாதவிலக்கு நிற்பது சுவிட்சை அணைப்பது போல ஒரே நாளில் நடப்பதில்லை, நிற்பதற்கு முன் சில வருஷம் ஹார்மோன் ஏறி ஏறி இறங்கும், அந்த ஆட்டம் சிலருடைய மனதையும் சேர்த்து ஆட்டிவிடும், பிரசவத்தின்போது ஒருமுறை அப்படி ஆனவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம் என்று விளக்கினார். இது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை, நோய் என்றார்.

"கிளட்சைச் சரியா விடத் தெரியாதவங்க ஓட்டற வண்டி மாதிரியா?" என்று கேட்டாள் அக்கா.

மருத்துவர் என்னைப் பார்த்தார். வாரக்கணக்கில் அக்கா கேட்ட முதல் கேள்வி அது. அப்படியேதான் என்றார் அவர்.

இரத்தப் பரிசோதனை, மார்பகப் பரிசோதனை, இரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார். பிறகு இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் ஹார்மோன் பட்டையும், கருப்பை இருப்பதால் அதற்குப் பாதுகாப்பாகப் படுக்கும்முன் போடும் ஒரு மாத்திரையும் எழுதினார். இது சூட்டையும் தூக்கத்தையும் சரியாக்கும், இந்தப் பருவத்தில் பலருக்கு மனதையும் தூக்கிவிடும். ஆனால் மனச்சோர்வுக்கு இதையே ஒற்றை மருந்தாக நம்பி உட்காரக்கூடாது என்று அந்த வாரமே மனநல மருத்துவரிடமும் அனுப்பினார். அவர் வாராவாரம் அக்காவுடன் பேசினார். தேவைப்பட்டால் மனச்சோர்வு மாத்திரையும் தொடங்கலாம், மனம் தேறும்வரை தனியாக விடாதீர்கள், வகுப்பும் வேண்டாம் என்று எங்களிடம் சொன்னார்.

வந்ததும் ஒட்டிக்கொண்டாளா? எங்கே! அவளுடைய சொந்த அக்கா போனில் அலறிவிட்டாள், ஹார்மோன் போட்டால் கேன்சர் வரும் என்று. பட்டைப் பெட்டி பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் போனைப் பிடுங்கி நாலு கேள்வி நாக்கைப் பிடுங்குவது போலக் கேட்டிருப்பேன். அதற்குள் பெரியவர் லீவு போட்டுவிட்டார். நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத மனிதர், எங்கள் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு அந்தப் பெண் மருத்துவரிடம் போய், ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார் என்பது எனக்குப் புரிந்தது.

மருத்துவர் மழுப்பவில்லை. பட்டை, மாத்திரை இரண்டையும் சேர்த்து எடுக்கும்போது, வருஷங்கள் கூடக்கூட மார்பகப் புற்றுநோய் அபாயம் கொஞ்சம் கூடத்தான் செய்யும், இல்லை என்று பொய் சொல்லமாட்டேன் என்றார். இரத்தம் கட்டும் அபாயம், மாத்திரையாக விழுங்குவதைவிட ஒட்டுகிற பட்டையில் மிகக் குறைவு. புற்றுநோய் வந்தவர்களுக்கும் இரத்தக்கட்டு வந்தவர்களுக்கும் இதைக் கொடுக்க யோசிப்பேன், உங்கள் மனைவிக்கு அந்தச் சிக்கல் எதுவும் இல்லை, வருஷா வருஷம் பார்த்துத் தொடரலாம், வேண்டாம் என்றால் நிறுத்தலாம் என்றார். போன தடவையும் இதையெல்லாம் சொல்லியிருந்தார், அக்காவின் காதில்தான் ஏறவில்லை.

திரும்பும்போது பெரியவர் ஓட்டினார். அக்கா முன்னால், நான் பின்னால், எட்டி எட்டி அவள் காலைப் பார்த்துக்கொண்டு. கால் அசையவில்லை. கழுத்துச் சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். சிக்னலில் நின்றபோது பெரியவர் சாலையைப் பார்த்தபடியே பேசினார்.

"முடிவு உன்னோடதுதான். நான் ஒண்ணுதான் சொல்வேன். நாளெல்லாம் ஐஸ்ல நிக்கறவன் நான். இப்போ கிடங்கைவிட வீடுதான் சில்லுனு இருக்கு. ஜன்னலைச் சொல்லல."

வீட்டுக்கு வந்ததும் அக்கா பெட்டியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள், சரியான இடத்தில் ஒட்டிவிடச் சொல்லி.

ஒட்டிய மறுநாளே சூரியன் உதித்தது என்று சொன்னால் நம்பாதீர்கள். முதலில் கொஞ்சம் மார்பு வலி, தலைவலி. வேர்வையில் பட்டை கழன்று காணாமல் போய், கடைசியில் அது பெரியவரின் சட்டை முதுகில் கிடைத்தது. அதோடு மனிதர் ஒரு பகல் முழுக்கக் கிடங்கில் சுற்றியிருக்கிறார். மீசை உதிர்கிறதா என்று என் கணவர் அண்ணனைக் கண்ணாடி பார்க்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். மெல்ல மெல்ல சூடு அடங்கியது. அக்கா தூங்கினாள். ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடின. பெரியவர் கோட்டைக் கழற்றினார்.

ஒருநாள் சாப்பாட்டில் தட்டைத் தள்ளிவிட்டு, "இதுல உப்பு எங்க?" என்று கேட்டாள். உப்புச் சாடியை எடுக்க ஓடியவள் அடுக்களையில் நின்று கும்பிட்டேன், யாரை என்று தெரியாமலே. இன்னொரு நாள் பட்டை மாற்றும்போது அவளே சொன்னாள், எல்லார் வண்டிக்கும் எல் போர்டு ஒட்டினேன், கடைசியில் எனக்கே ஒட்டியாச்சு என்று. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவ்வளவு பெரிய ஜோக் இல்லை அது. அவள் சொன்னதே போதுமாக இருந்தது. மனநல மருத்துவர், தனியாக மாத்திரை இப்போது வேண்டியதில்லை, ஆனால் வருவதை நிறுத்தவேண்டாம் என்றார். பட்டை செய்ததா, பேச்சு செய்ததா, தூக்கம் வந்ததா, அதைப் பிரித்துப் பார்க்க எனக்கு அறிவில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்தே நன்றி சொல்கிறேன்.

ஆனால் கார் பேச்சை எடுத்தால் அக்கா பிடிகொடுக்கவில்லை. வகுப்பு எடுக்கலாம் என்று மருத்துவர்கள் இருவரும் சொல்லியாயிற்று, பல் டாக்டர் வேறு எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இவள் பம்பரைச் சரிசெய்த வண்டியைத் துடைப்பாள், உள்ளே ஏறமாட்டாள். கேட்டால், நன்றாக இருக்கிறேன்தான், ஆனால் சுவர் வந்தால் இந்தக் கால் அழுத்துமா என்று எனக்குத் தெரியாதே என்பாள். சோதித்துப் பார்க்க இன்னொருவர் உயிரையா வைப்பது என்பாள்.

போன வாரம் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தோம். நான் ஓட்டினேன். அக்கா பக்கத்தில். வழக்கம்போல நான் ரேடியோவாக யாரைப் பற்றியோ கதையளந்துகொண்டே திரும்பினேன். சந்திலிருந்து ஒரு பால் வேன் மூக்கை நீட்டியது. நான் பார்க்கவில்லை.

டொப்.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் பிரேக்கை மிதித்தேன். வேனுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பூனை நுழையலாம்.

"கண்ணை எங்கடி வச்சிருக்க? திரும்பறதுக்கு முன்னாடி பாக்கணும்னு எத்தனை தடவை படிச்சுப் படிச்சு சொல்லியிருக்கேன்? உனக்கு லைசென்ஸ் குடுத்தவனைச் சொல்லணும்!"

நான் வண்டியை ஓரங்கட்டினேன். ஸ்டீயரிங்கில் தலையை வைத்து ஓவென்று அழுதேன். அக்கா பதறிப்போனாள். திட்டினதுக்கா இப்படி அழுகிறாய், உன் வாய்க்கு இதெல்லாம் ஒரு திட்டா என்று முதுகைத் தடவினாள். நான் பேச முடியாமல் கீழே கையைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். அவள் வலது கால், அந்த ஓட்டையின் மேல், இல்லாத பிரேக்கை இன்னும் முழுசாக அழுத்திக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் அப்படியே அதைப் பார்த்தாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, பயந்துட்டேன்டி, நிஜமாகவே பயந்துட்டேன் என்று இரண்டு முறை சொன்னாள். சொல்லும்போதே சிரித்தாள். கண்ணிலிருந்து வழிந்துகொண்டிருந்தது.

பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். அக்கா புடவைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள், பிறகு தன் முகத்தை. சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, காலை எடுத்து மறுபடியும் அதே இடத்தில், தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டாள்.

"ம், எடு வண்டியை. பல் டாக்டரை நாளைக்கே வரச் சொல்லு," என்றாள். நான் கண்ணாடியைப் பார்த்தேன், கியரைப் போட்டேன், மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தேன்.

"ஓட்டு," என்றாள் அக்கா. "நான் இருக்கேன்."